மரக்கறி பிடிக்காதவருக்குச் சமைப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பி சாப்பிட்டு எழும்பிய கோப்பையைப் பார்த்தாலே அன்றைக்கு வீட்டில் என்ன மரக்கறி என்று சொல்லிவிடலாம். சோறு போயிருக்கும், மீன் போயிருக்கும். மீன் முள்ளுக்குப் பக்கத்தில் வெண்டிக்காய்த் துண்டுகள், ஒன்றுகூடக் கடிபடாமல், விளிம்போடு வரிசையாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்து வந்து, வெள்ளவத்தையில் எங்களோடு தங்கிய முதல் ஆறு மாதமும் இப்படித்தான். கேட்டால் ஒரே பதில்: "எனக்கு மரக்கறி பிடிக்காது அக்கா." 26 வயது ஆளுக்கு மடியில் வைத்து ஊட்டவா முடியும்?

ஒருநாள் அடுப்பில் வெண்டிக்காயைப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் துண்டுகள் ஓரம் கருகி, சுருங்கிப் போயிருந்தன. தம்பி தாச்சிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இது வேற சாமான் அக்கா. வழுவழுவெண்டு இல்லை."

அவனுக்குப் பிடிக்காமல் இருந்தது வெண்டிக்காயின் வழுவழுப்பு. அதை அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "மரக்கறி பிடிக்காது" என்ற ஒரு வசனத்துக்குள் நாலைந்து வேறு வேறு முறைப்பாடுகள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அடுப்படியில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களை மனதில் வைத்து எழுதினாலும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கேளுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, அவர் ஒதுக்கும் மரக்கறிகளை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. வாயில் வைத்தால் என்ன செய்கிறது? கடைசியாக எங்கே, எப்படிச் சமைத்ததைச் சாப்பிட்டீர்கள்? எப்போதாவது அதை விரும்பிச் சாப்பிட்டது உண்டா? விசாரணை மாதிரி உட்கார்த்தி வைத்துக் கேட்க வேண்டாம். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மையான பதில் வரும்.

எங்கள் கொப்பியில் வந்த பதில்கள் இவை. வெண்டிக்காய்: வழுவழுப்பு. கத்தரிக்காய்: தோல் சவ்வு மாதிரி, உள்ளே ஈரப் பஞ்சு. கோவா: மணம். பாகற்காய்: கசப்பு. பூசணிக்காய்: இனிப்பும் குழைவும் ஒன்றாக வருவது. பீற்றூட்: மண் மணம். வல்லாரை: "புல்லுச் சாப்பிடுற மாதிரி." கரட்டைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை, பள்ளிக்கூட விடுதியில் தினமும் தண்ணீராய்க் கிடந்த கரட்கறி மட்டும் நினைவுக்கு வருகிறதாம்.

கடைசி வகையைக் கவனியுங்கள். அது நாக்கில் இல்லை, நினைவில் இருக்கிறது. அப்படியான மரக்கறியைப் பழைய உருவத்தில் வைக்கவே கூடாது. துருவி, வதக்கி, வெட்டும் விதத்தையே மாற்றி வைக்க வேண்டும்.

கசப்பைப் பற்றி ஒரு விஷயம். 1931ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுகூடத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கசக்கிறது என்றார், ஃபொக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரும் நாக்கில் வைத்துப் பார்த்தும் அப்படியே. அது பிறப்போடு வரும் வேறுபாடு என்பது பின்னால் தெளிவானது. கோவா, நோக்கோல் குடும்பத்து மரக்கறிகளின் கசப்புப் பொருள்கள் அந்தத் தூளுக்கு உறவானவை. ஆகவே உங்களுக்குச் சாதாரணமாக இருக்கும் கோவா அவருக்கு உண்மையாகவே கசக்கலாம். "சும்மா நடிக்காதே" என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏற்கெனவே சாப்பிடும் மரக்கறி

கொழும்பில் மரக்கறி தொடவே மாட்டேன் என்பவர்கூடக் கொத்துரொட்டி சாப்பிடுவார். கொத்துக்குள் என்ன இருக்கிறது? கோவா, கரட், லீக்ஸ், வெங்காயம், பச்சை மிளகாய். ஃபிரைட் ரைஸுக்குள்ளும் அதேதான். ஹொட் பட்டர் கணவாயில் கறிமிளகாயும் வெங்காயத்தாளும் இருக்கின்றன. காலிமுகத்திடலில் வாங்கும் அச்சாறையும் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

இதை அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சாப்பாடுகளில் மரக்கறி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: பொடியாக வெட்டியிருக்கும், நன்றாகக் காய்ந்த தகட்டில் சில நிமிடம்தான் கிடந்திருக்கும், தண்ணீர் கிடையாது, உப்பும் உறைப்பும் புளியும் தூக்கலாக இருக்கும். அவருக்குப் பிடித்த சமையல் முறை அதுதான். வீட்டில் நாங்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பெரிய துண்டு, மூடி போட்டு அவித்தல், நிறையத் தேங்காய்ப்பால்.

அதனால் முதல் வாரத்தில் புதிதாக ஒன்றும் வேண்டாம். வீட்டிலேயே கொத்து போடுங்கள். கடைக் கொத்தில் ரொட்டி கூட, மரக்கறி குறைவு. நீங்கள் ரொட்டிக்குச் சமனாக மரக்கறி போடுங்கள். லீக்ஸைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள், பச்சை நிறம் நிற்கும். ஒளித்துப் போட வேண்டாம், கண்ணுக்குத் தெரியட்டும்.

ஒளிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒருமுறை பீற்றூட்டைத் துருவிக் கட்லட்டுக்குள் கலந்து, சொல்லாமல் கொடுத்தேன். இரண்டு கடித்ததும் தம்பி கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம், நான் வைக்கும் எதையும் பிய்த்துப் பார்க்காமல் அவன் வாயில் வைக்கவில்லை. பொடியாக அரிவது வேறு, பொய் சொல்வது வேறு. கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

வாங்கும் இடத்தில்

இந்த ஊரில் மலைநாட்டு மரக்கறி நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து வருகிறது. தம்புள்ளையிலிருந்தும் லொறி லொறியாக வருகிறது. 2020இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிய மெனிங் சந்தையைத் தாண்டி எங்கள் தெருக் கடைக்கு வந்து சேரும்போது போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் வயது ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். கொழும்புப் புழுக்கத்தில் அது கூடுதல் வயதுதான். முற்றல், வாடல் இரண்டுமே கசப்பையும் நாரையும் கூட்டும். மரக்கறி பிடிக்காதவர் இதை மற்றவர்களுக்கு முன் கண்டுபிடிப்பார்.

வெண்டிக்காயின் நுனியை மெல்ல வளைத்தால் "டிக்" என்று முறிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் முற்றல். கத்தரிக்காய் மினுங்க வேண்டும். போஞ்சி வாடாமல் முறிய வேண்டும். கீரைக் கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடாகவோ நசநசப்பாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். காலையில் போக முடிந்தால் நல்லது.

அவரையும் கூட்டிப் போங்கள். ஏதாவது ஒரு மரக்கறி, 250 கிராம், அவர் தெரிவு. தம்பி முதன்முதலில் தெரிந்தது சிறகவரை. அதன் நாலு சிறகும் வடிவாக இருந்ததாம், வேறு காரணம் இல்லை. பரவாயில்லை. பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறுத்தேன், தான் வாங்கியதை ஒதுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வழுவழுப்பு: வெண்டிக்காய்

வெண்டிக்காயின் பசை தண்ணீரோடு சேரும்போதுதான் கரைந்து இழுபடுகிறது. ஆகவே தண்ணீரைத் தள்ளி வையுங்கள். முழுசாகக் கழுவி, துணியால் துடைத்து, ஃபானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் பரப்பி விடுங்கள். வெட்டியபின் கழுவவே கூடாது. கத்தியும் பலகையும்கூட உலர்ந்திருக்க வேண்டும்.

250 கிராம் வெண்டிக்காய்க்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய். சரிவாக ஓர் அங்குலத் துண்டுகள். அகலமான தாச்சி நன்றாகக் காய்ந்தபின், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் போடுங்கள். மூடி வேண்டாம், உப்பும் இப்போது வேண்டாம், உப்பு தண்ணீரை இழுத்துவிடும். முதல் சில நிமிடம் கரண்டியைத் தூக்கினால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி இழை ஓடும். பதற வேண்டாம். அடிக்கடி கிளறவும் வேண்டாம். எட்டு, பத்து நிமிடத்தில் இழை அறுந்துவிடும், சத்தமும் மாறும். "சொய்ங்" என்ற ஈரச் சத்தம் போய்ப் படபடவென்று காய்ந்த சத்தம் வரும். ஓரங்கள் மண்ணிறமாகும். அப்போது வெட்டிய சின்ன வெங்காயம், கிள்ளிய செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. வெங்காயம் வாடியதும் இறக்கி அரைத் தேசிக்காய் பிழியுங்கள். மிச்சமிருக்கும் பசையையும் புளி அடக்கிவிடும்.

இதையே குழம்பாக்க வேண்டுமானால் இப்படி வதக்கிய துண்டுகளைக் கொதித்து முடிந்த புளிக்குழம்பில் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள். பச்சையாகப் போட்டுக் கொதிக்க வைத்தால் பழைய கோப்பை விளிம்பு வரிசைதான்.

பஞ்சும் சவ்வும்: கத்தரிக்காய்

கத்தரிக்காய் அரைகுறையாக வெந்தால்தான் கெட்ட பெயர் வாங்குகிறது. ஒன்றில் முற்றாகப் பொரிய வேண்டும், இல்லாவிட்டால் முற்றாகக் குழைய வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. வெறுப்பவருக்கு முதலில் வைக்க மோஜுவை விட நல்லது எனக்குத் தெரியாது. சிங்கள வீடுகளிலிருந்து எங்கள் கல்யாணப் பந்திவரை வந்துவிட்ட கறி அது, கொழும்பில் அதை அறியாதவர் இல்லை.

500 கிராம் கத்தரிக்காயை விரல் நீளத்தில், விரலைவிட மெல்லிதாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி 20 நிமிடம் வையுங்கள். பிழிந்து துடைத்து, காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடும் மண்ணிறம் வரும்வரை பொரியுங்கள். பொன்னிறத்தில் எடுத்தால் பஞ்சு அப்படியே இருக்கும். 150 கிராம் சின்ன வெங்காயத்தையும் கீறிய 6 பச்சை மிளகாயையும் அதே எண்ணெயில் ஒரு நிமிடம் காட்டி எடுங்கள். 1 தேக்கரண்டி கடுகு, 2 பல் உள்ளி, சின்னத் துண்டு இஞ்சி, இவற்றை 3 மேசைக்கரண்டி வினாகிரியில் அரைத்து, 2 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்துச் சின்னத் தீயில் ஒரு கொதி. எல்லாவற்றையும் பிரட்டி இறக்குங்கள். உடனே சாப்பிடுவதைவிட நாலைந்து மணித்தியாலம் ஊறினால் ருசி.

எண்ணெயைக் குறைக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தால், 2 மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டி அவனிலோ எயர் ஃபிரையரிலோ 200 பாகையில் மண்ணிறமாக்கலாம். பொரித்ததின் ருசி முழுசாக வராது, ஆனால் பஞ்சு போய்விடும்.

கசப்பு: பாகற்காய்

இதைக் கடைசிக்கு வையுங்கள். மற்ற மரக்கறிகளில் மூன்று நான்கு பிடித்துப்போன பிறகே எடுங்கள். செய்முறை எளிது. கடதாசி மாதிரி மெல்லிய வட்டங்களாகச் சீவி, உப்புப் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து இறுக்கிப் பிழிந்தால் கசப்புச் சாற்றில் கொஞ்சம் போய்விடும். மிஞ்சும் உப்பு நாக்கில் கசப்பை அமுக்கும். இது கற்பனை இல்லை, கசப்பை மறைப்பதில் சீனியைவிட உப்புக்குக் கெட்டித்தனம் உண்டு. மொறுமொறுவென்று பொரித்து ஆற விட்டு, சாப்பிட உட்காரும்போது மட்டும் வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துச் சம்பலாக்குங்கள். முன்னதாகக் கலந்தால் மொறுமொறுப்பு போய்க் கசப்பு மட்டும் நிற்கும்.

மணம்: கோவாவும் கீரையும்

கோவாவை எவ்வளவு நேரம் அவிக்கிறீர்களோ அவ்வளவுக்கு அதன் கந்தக மணம் ஏறும். நூல்போல அரிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, 4 நிமிடம் பெருந்தீயில் வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். மூடி போட்ட வறை அவருக்கு வேண்டாம்.

கீரைக்கும் மூடி ஆகாது. மூடினால் இலையின் புளிப்பு ஆவி உள்ளேயே நின்று பச்சையைச் சாம்பல் பச்சையாக்கிவிடும், பார்க்கவே மனம் வராது. பொன்னாங்காணியைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூவோடு காய்ந்த தாச்சியில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டினால் போதும். மாசி சாப்பிடுகிறவர் என்றால் ஒரு தேக்கரண்டி மாசித்தூள் போடுங்கள். அசைவ நாக்குக்கு அந்த மணம் பெரிய உதவி. தேசிக்காயை இறக்கியபின் பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் நிறம் போய்விடும்.

வல்லாரைச் சம்பலில் எல்லாம் கத்தியில்தான் இருக்கிறது. தண்டை ஒடித்துத் தள்ளி, இலைகளைச் சுருட்டு மாதிரி இறுக்கிப் பிடித்து, மயிரிழையாக அரியுங்கள். அகலமாக அரிந்தால் புல், இழையாக அரிந்தால் சம்பல். தம்பி சொன்ன "புல்லு" எனக்கு விளங்கியது என் கத்தியை மாற்றிய பிறகுதான்.

பால்கறியில் செய்யும் பிழை

போஞ்சி, பூசணிக்காய், கரட் எல்லாவற்றையும் சப்பென்று ஆக்குவது தண்ணீர்ப்பால். இரண்டாம் பாலில் மரக்கறி முக்கால்வாசி வேகட்டும், அது வற்றட்டும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் குமிழ் வரும்போதே இறக்குங்கள். தடித்த பால் நாக்கில் படிந்து கசப்பையும் பச்சை மணத்தையும் மெதுவாக்கும். கரட், பூசணிக்காயின் மஞ்சள் சத்து உடம்பில் சேரவும் கொழுப்பு தேவை. பூசணிக்காயின் இனிப்புப் பிடிக்காதவருக்குத் தேங்காய்ப்பூவையும் ஒரு தேக்கரண்டி அரிசியையும் கருகாமல் சிவக்க வறுத்து, கொஞ்சம் கடுகோடு அரைத்துச் சேருங்கள். வறுத்த மணம் இனிப்பைப் பின்னுக்குத் தள்ளும்.

கோப்பையில் வைக்கும் விதம்

ஒரு நேரத்தில் ஒரு புது மரக்கறி மட்டும். அளவு இரண்டு தேக்கரண்டி. பக்கத்தில் அவருக்கு மிகப் பிடித்த ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அது மீன் பொரியல். பசியோடு வரும் நேரத்தில் மரக்கறியை முதலில் மேசையில் வையுங்கள். சோறும் மீனும் வருமுன் கை தானாக அங்கே போகும்.

"உடம்புக்கு நல்லது" என்று சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே மருந்து ஞாபகம் வரும். கோப்பையை எட்டிப் பார்க்கவும் வேண்டாம். மிச்சம் வைத்தால் எடுத்துக் கழுவுங்கள், அவ்வளவுதான். சாப்பிட்டாலும் கைதட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும்.

ஒரு தடவையில் முடிவு கட்டாதீர்கள். சிறு பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் புது மரக்கறி பிடித்துப்போக 8 முதல் 15 தடவைவரை ருசி பார்க்க வேண்டியிருந்தது. பெரியவர்களும் அதிலிருந்து தூரமில்லை. வாரம் இரண்டு தடவை என்றால் ஒரு மரக்கறிக்கு ஒரு மாதம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். நாள் ஒன்றுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் மாதத்தில் அதை நிறுத்துப் பார்க்க வேண்டாம். சிறுநீரக நோய் போன்றவை உள்ளவருக்கு எந்த மரக்கறி, எவ்வளவு என்பதை டொக்டரிடம் கேட்டே தொடங்குங்கள்.

ஒரு வாரம் எப்படி ஓடும்

திங்கட்கிழமைக்கு வெண்டிக்காய் வதக்கல். செவ்வாய் இரவு இடியப்பத்துக்குச் சொதி, அதில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. புதன் கோவா வறை. வியாழன் ஒன்றும் வேண்டாம், அவருக்கும் உங்களுக்கும் ஓய்வு. வெள்ளி எங்கள் வீட்டில் மச்சம் இல்லாத நாள், அன்றைக்கு மோஜுவும் பருப்பும் அப்பளமும் வைத்தால் மீன் இல்லாத குறை தெரியாது. சனி இரவு கொத்து. ஞாயிறு சந்தைக்குப் போய் அவர் தெரிவு செய்தது.

மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல் சாப்பிடுகிறவர் என்றால் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள், இரவு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். சில மரக்கறி கடைசிவரை ஏறாது. இரண்டு வருடமாகியும் தம்பி பீற்றூட்டைத் தொடுவதில்லை, நானும் இப்போது வைப்பதில்லை. மற்ற ஒன்பது பத்து வகை ஏறிவிட்டது.

மோஜு மிஞ்சினால் கண்ணாடிப் போத்தலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாள் நிற்கும். காலையில் இரண்டு துண்டுப் பாணில் பட்டர் பூசி, நடுவில் மோஜுவைத் தடிப்பாக வைத்து அமுக்கிக் கட்டிக்கொடுங்கள். தம்பி இப்போது ஒபிசுக்குக் கொண்டுபோவது அதைத்தான். நேற்றுக் காலை போத்தல் வெறுமையாக இருந்தது, குசினி வாசலில் நின்று கேட்டான்: "அக்கா, ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்குவமே?"